பிக்கப் வாகனத்தில் பைக்கை ஏற்றுகிறீர்களா? பலகையின் நீளத்தை முதலில் கவனியுங்கள்!

ஹைதராபாத்: மழைநீரில் மூழ்கிய இருசக்கர வாகனத்தை உடனடியாக ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது மெக்கானிக்குகள் வழக்கமாகக் கூறும் அறிவுரை. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், பிஸ்டனால் அதை அழுத்த இயலாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். ஹைதராபாத்தில் 2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் பெய்த பெருமழையில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. பல அடித்துச் செல்லப்பட்டன. இத்தகைய வாகனங்களைப் பணிமனைக்குக் கொண்டு செல்ல, தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என அழைக்கப்படும் டாடா ஏஸ் போன்ற சிறிய சரக்கு வாகனங்களே கைகொடுக்கின்றன. பணி நிமித்தமாக ஊர் மாறுவோரும் இவற்றையே நாடுகின்றனர்.

ஏற்றும் முறைதான் கவலைக்குரியது. மூன்று, நான்கு பேர் சேர்ந்து கைகளால் தூக்குவதே இங்கு வழக்கம். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ எடை கொண்டது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஒருவரின் பிடி நழுவினாலும் எஞ்சியவர்களின் முதுகோ காலோ அந்தச் சுமையைத் தாங்க நேரிடும்.

நீளம் ஏன் முக்கியம்?

சரக்கு வாகனத்தின் தளம் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 1.5 மீட்டர் பலகையைச் சாய்த்தால் சரிவு 30 டிகிரி. கிளாசிக் 350-ஐ மேலே தள்ள, அதன் எடையில் பாதி, அதாவது ஏறத்தாழ 97 கிலோவுக்கு ஈடான விசை தேவை. பலகை 2.25 மீட்டராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, 65 கிலோ போதும். தளத்தின் உயரத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு நீளம் என்பது நினைவில் கொள்ள எளிய கணக்கு. குட்டைப் பலகையில் மற்றொரு சிக்கலும் உண்டு: உச்சியில் பைக்கின் அடிப்பகுதி தளத்தின் விளிம்பில் இடித்து நின்றுவிடும். நீளமான பலகை கிடைக்காவிட்டால், மேடான இடத்தை ஒட்டி வாகனத்தைப் பின்புறமாக நிறுத்தினாலே உயரம் குறைந்துவிடும்.

பலகை நழுவுவதே பெரும் ஆபத்து. பைக்கை ஓட்டியபடி ஏற்றும்போது, பின்சக்கரம் பலகையைப் பின்னோக்கி உதைக்கிறது. அது விலகினால், ஓட்டுபவரின் கால் தரையை எட்டாது. எனவே பலகையின் மேல்முனையைச் சங்கிலியாலோ பெல்ட்டாலோ வாகனத்துடன் கட்டிய பிறகே ஏற்ற வேண்டும். எஞ்சினை அணைத்துத் தள்ளுவதே நல்லது. ஹேண்டில்பாரைப் பிடிப்பவர் ஏறி நடக்க, பக்கத்தில் இரண்டாவது பலகை அவசியம். பலரும் இதை மறந்துவிட்டுப் பாதி வழியில் திணறுகின்றனர்.

சரிவில் எடை பின்சக்கரத்துக்குச் சென்றுவிடுவதால் முன் பிரேக் மட்டும் போதாது. முதல் கியரில் வைத்து, கிளட்ச்சைப் பிடித்தபடி தள்ள வேண்டும். நிறுத்த வேண்டுமெனில் கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் நின்றுவிடும். ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் பின் பிரேக் இடது கையிலேயே இருப்பதால் இந்தச் சிரமம் இல்லை.

கட்டும் முறை:

டாடா ஏஸ் கோல்டின் தளம் 2.2 மீட்டர் நீளம் கொண்டது. கிளாசிக் 350-இன் நீளம் 2.145 மீட்டர் என்பதால், நேராக நிறுத்தினாலும் பின்கதவை மூட முடியும். முன்சக்கரத்தைத் தளத்தின் முன்சுவரில் முட்ட வைத்து, முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு பெல்ட்டுகளால் எதிரெதிர்த் திசைகளில் இழுத்துக் கட்ட வேண்டும். முன் சஸ்பென்ஷன் பாதியளவு அழுந்தினால் போதும். முழுவதும் அழுத்தினால் ஆயில் சீல் கசியலாம். சைடு ஸ்டாண்டை மடித்துவிட வேண்டும், இல்லையெனில் குழிகளில் குலுங்கும்போது அது வளையும். சிறிது தூரம் சென்றதும் பெல்ட்டுகளை மீண்டும் இறுக்குவது அவசியம். பைக்கைப் பிடித்துக்கொள்ள ஆளைப் பின்னால் ஏற்றுவது கட்டுவதற்கு மாற்றாகாது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 (1ஏ) பிரிவின்படி, சரக்கு அனுமதிக்கப்பட்ட அளவை மீறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படும்.

இறக்கும்போதும் பின்சக்கரம் முதலில் வர, அதே முதல் கியர், அதே கிளட்ச் முறைதான். பின்னாலிருந்து தாங்குபவர் பைக்கின் நேர் கீழே நிற்காமல், பக்கவாட்டில் நின்று பிடிக்க வேண்டும்.