அச்சுச் சுற்றுப்பலகைத் தடங்களின் அகலம்

அச்சுச் சுற்றுப்பலகையில் மின்னோட்டத்தைக் கொண்டு செல்லும் மெல்லிய செப்புக் கோடு தடம் எனப்படும். தடத்தின் அகலம் குறைந்தால் மின்தடை கூடி அது சூடேறும். சூடு மிகுந்தால் செம்பு பலகையிலிருந்து பெயரும். சில வேளைகளில் எரிந்து அறுந்துவிடும்.

தோற்றம்

வியன்னாவில் பிறந்த பொறியாளர் பால் ஐஸ்லர் 1936 இல் இங்கிலாந்து சென்றார். செப்புத் தாள் ஒட்டிய பலகையில் கரைசல் தாக்காத மையால் சுற்றை அச்சிட்டு, எஞ்சிய செம்பைக் கரைத்து நீக்கும் முறையை அவர் உருவாக்கினார். 1943 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று வீட்டில் பெர்ரிக் குளோரைடு கரைசல் கொண்டு பலகை செய்வோரும் அடிப்படையில் இம்முறையையே பின்பற்றுகின்றனர்.

அளவீடுகள்

எவ்வளவு மின்னோட்டத்திற்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் பணியகம் 1950களின் நடுவில் சோதனைகள் மூலம் ஆராய்ந்தது. அதன் வரைபடம் இராணுவத் தரநிலைகளிலும், பின்னர் 1998 இல் வெளியான ஐபிசி-2221 தரநிலையிலும் இடம்பெற்றது. பல அடுக்குப் பலகையின் உள்தடங்களுக்கு, வெளித்தடம் தாங்கும் மின்னோட்டத்தில் பாதியே அதில் அனுமதிக்கப்பட்டது. இது அளந்து கண்ட முடிவன்று. பாதுகாப்புக்காகக் கொள்ளப்பட்ட மதிப்பு. புதிய சோதனைகளின் அடிப்படையில் 2009 இல் ஐபிசி-2152 வெளியானது. பலகைப் பொருள் காற்றைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், உள்தடங்கள் அவ்வளவு மோசமாகச் சூடாவதில்லை என்று அச்சோதனைகள் காட்டின. அரை நூற்றாண்டுக்கு மேல் கேள்வியின்றிப் பயன்பட்ட எண் இவ்வாறு திருத்தப்பட்டது.

வீட்டில் செய்யும் பலகைகள்

கடைகளில் கிடைக்கும் பலகைகளில் செம்பின் தடிமன் பொதுவாக 35 மைக்ரோமீட்டர். ஒரு அவுன்சு செம்பை ஒரு சதுர அடியில் சீராகப் பரப்பினால் வரும் தடிமன் இது. இத்தகைய பலகையின் வெளித்தடத்தில் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கு மேல் உயராதிருக்க, ஐபிசி-2221 கணக்கின்படி தேவையான அகலம்:

1 ஆம்பியர் – 0.3 மி.மீ.
2 ஆம்பியர் – 0.8 மி.மீ.
3 ஆம்பியர் – 1.4 மி.மீ.
5 ஆம்பியர் – 2.8 மி.மீ.

மின்னோட்டம் இரு மடங்கானால் அகலம் இரண்டரை மடங்குக்கு மேல் தேவைப்படுவதைக் காணலாம்.

மின்னழுத்த இழப்பையும் கருத வேண்டும். 0.3 மி.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் கொண்ட தடத்தில் 1 ஆம்பியர் பாய்ந்தால் ஏறத்தாழ 0.16 வோல்ட் குறையும்.

கரைசல் மேலிருந்து மட்டுமன்றி, மைக்கு அடியில் பக்கவாட்டிலும் செம்பை அரிக்கும். அதனால் வரைந்ததைவிடத் தடம் சற்று மெலிந்தே கிடைக்கும். சிறு மின்னோட்டத் தடங்களுக்கு வெப்பக் கணக்கைவிட இந்த அரிப்பே எல்லையாக அமைகிறது. ஆகவே இடம் இருக்கும்வரை கணக்கில் வருவதைவிட அகலமான தடத்தைத் தேர்வதே பாதுகாப்பானது.