கொற்கைக் கல் முதல் குதிகால் வார் வரை

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாக ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது என்பதை நாம் அறிவோம். அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் விளங்கிய துறைமுகமே கொற்கை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கிவிட்டது. இன்று கொற்கை, கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருக்கிறது. 1968-69-இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கு அகழாய்வு நடத்தியது. அப்போது கிடைத்த கரித்துண்டைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்ததில், அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 785 எனத் தெரியவந்தது.

கொற்கைக்குப் புகழ் தந்தது முத்து. அந்த முத்தைக் கடலடியிலிருந்து எடுத்து வந்தவனின் காலில் என்ன இருந்தது? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. ஆனால் மூழ்கும் கலையின் வளர்ச்சியை அந்தக் காலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கல்லும் கயிறும்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் பயணம்' என்னும் நூல், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை முத்துக் குளிக்க அனுப்பினார்கள் என்று கூறுகிறது. அத்தொழிலில் உயிருக்கு இருந்த ஆபத்தை இதிலிருந்தே உணரலாம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோவும் முத்துக் குளிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு, எடுத்த முத்துக்களில் இருபதில் ஒரு பங்கு கூலியாகத் தரப்பட்டதாம்!

பரதவர் மூழ்கிய முறை எளிமையானது. 15 அல்லது 20 கிலோ எடையுள்ள கல்லில் கயிறு கட்டியிருக்கும். குளிப்பவர் அந்தக் கயிற்று வளையத்தில் ஒரு காலை நுழைத்து, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி இறங்குவார். அடியை அடைந்ததும் காலை விடுவித்துக்கொள்வார். தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துவிடுவார். குளிப்பவர் ஒரு நிமிட அளவில் சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு மற்றொரு கயிற்றை அசைப்பார். உடனே அவரையும் மேலே இழுக்கவேண்டும். இந்தக் கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பு மைத்துனருக்கே உரியது என்று கடலோரத்தில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலியைக் காப்பவன் கையை அயரவிடமாட்டான் அல்லவா?

இதில் உள்ள இயற்பியலைப் பாருங்கள். காற்று நிறைந்த நுரையீரல் உடலை மிதக்கச் செய்கிறது. அதை எதிர்த்து நீந்தி இறங்கினால் மூச்சு வீணாகும். அந்த வேலையைக் கல் செய்துவிடுகிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. ஆகவே 20 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் மூன்று மடங்கு. பாயில் விதிப்படி, 6 லிட்டர் காற்று அங்கே 2 லிட்டராகச் சுருங்கிவிடும். இந்த நிலையில் மேலே வரும் வேலையையும் கயிறு ஏற்றுக்கொள்கிறது. எனவே மூச்சு முழுவதும் சிப்பி பொறுக்கவே பயன்படுகிறது.

காலுக்கு வந்த துடுப்பு

1933-இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியே, காலில் மாட்டும் ரப்பர் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1940-இல் அமெரிக்கரான ஓவன் சர்ச்சில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1943-இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் காற்று உருளையுடன் மூச்சுவிடும் கருவியை உருவாக்கினார்கள். மன்னார் வளைகுடாவிலும் இக்கருவி வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் 1960-களில் தூத்துக்குடிக் கடலடியை நேரில் மூழ்கி ஆராய்ந்தார்கள். தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் நடந்த ஆண்டு 1961.

துடுப்பின் பயன் என்ன? சிறிதளவு நீரை வேகமாகத் தள்ளுவதைவிட, இருமடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் உந்தம் அதேதான். ஆனால் செலவாகும் ஆற்றல் பாதிதான். அகன்ற துடுப்பு இதைத்தான் செய்கிறது. மூழ்குபவர் தோணியின் கயிற்றிலிருந்து விடுதலை பெற்றார். ஆனால் இன்னொன்றை நம்பவேண்டியவரானார். அதுதான் துடுப்பைக் குதிகாலோடு பிணைக்கும் வார். நீரோட்டத்தில் அது அறுந்தால், ஒற்றைத் துடுப்போடு தவிக்கவேண்டியதுதான். இழுத்துக்கொள்ள மைத்துனர் இல்லை!

வாரைத் தேர்ந்தெடுப்பதும் காப்பதும்

வார் இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை பிடித்துக்கொள்ளும். தளர்ந்திருந்தால், காலை வீசும்போது நீர் துடுப்பைக் கழற்றிவிடும். ஆகவே மூழ்கும்போது அணியும் காலணியோடு மாட்டிப்பார்த்து, இரு பக்கமும் சமமாக இழுத்துப் பொருத்தவேண்டும்.

ரப்பர் ஏன் வெடிக்கிறது? 1839-இல் சார்லஸ் குட்இயர், கந்தகத்தோடு சூடாக்கினால் ரப்பர் உறுதிபெறும் என்று கண்டுபிடித்தார். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் பாலங்களாக இணைக்கிறது. ஆனாலும் சங்கிலியில் எஞ்சியுள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்குகிறது. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில்தான் அதனால் வெடிப்புகள் தோன்றும். வெயிலும் எண்ணெயும் இக்கேட்டை வளர்க்கும்.

எனவே செய்யவேண்டியவை இவை. கடலிலிருந்து வந்ததும் நல்ல நீரில் கழுவவேண்டும்; இல்லாவிட்டால் உப்புப் படிகங்கள் கொக்கியில் தங்கிவிடும். நிழலில் உலர்த்தவேண்டும். தளர்த்தி வைக்கவேண்டும், ஆணியில் மாட்டி இழுபட விடக்கூடாது. மூழ்குவதற்கு முன் வாரை வளைத்து இழுத்துப் பாருங்கள். மெல்லிய கீறல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். மாற்று வார் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். சிலிக்கோன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் அதை ஓசோன் எளிதில் தாக்காது. துருப்பிடிக்காத எஃகுச் சுருள்வில் வாருக்குக் கொக்கியே தேவையில்லை. ஆனால் உப்புநீர் எஃகையும் விட்டுவைக்காது. அதையும் கழுவத்தான் வேண்டும்.

கொற்கைத் துறையில் குளித்தவர் இறங்குமுன் தம் கயிற்றைச் சோதித்துப் பார்த்திருப்பார். இன்றைய மாணவர் தம் வாரை அதே கண்ணோடு பார்க்கவேண்டும். கருவிகள் மாறலாம், கடலின் அழுத்தமும் மனிதனின் மூச்சும் மாறவில்லை.