வாரம் 40 மணி நேரம்: அமெரிக்காவில் ஆட்டிசப் பயிற்சியின் கதை

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எந்த மையம், எந்தப் பயிற்சி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பெற்றோரே யோசித்து முடிவெடுப்பது, 1960களுக்கு முன் அமெரிக்காவில் இல்லாத வழக்கம். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்துக்கு மருத்துவத்தில் தனி இடம் வாங்கித் தந்தது. இது பிறவியிலேயே வருவது என்று அதில் சொன்ன கேனர், அந்தப் பெற்றோர்கள் பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்றும் எழுதி வைத்தார். முதலில் சொன்னதை விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் மருத்துவ உலகம் பிடித்துக்கொண்டது. சிகாகோவில் ஆர்த்தோஜெனிக் பள்ளியை நடத்திவந்த புரூனோ பெட்டல்ஹைம் அதை ஒரு கோட்பாடாகவே வளர்த்து, 1967இல் புத்தகமும் போட்டார். தாய் மனதால் ஒதுக்கியதால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கியது, ஆகவே குழந்தையை வீட்டிலிருந்து பிரிப்பதே வைத்தியம் என்பது அவர் கட்சி. நோயை உண்டாக்கியவள் என்று முத்திரை குத்தப்பட்டவளிடம் வைத்தியத்தைப் பற்றி யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அந்த முத்திரையைக் கிழித்தவர் மனநல மருத்துவர் அல்ல. சான் டியகோவில் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், தன் மகன் மார்க்குக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்து, 1964இல் ஒரு நூல் எழுதினார். காரணம் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று அதில் வாதிட்டார். கேனரே முன்னுரை கொடுத்தார். நூலின் முடிவில் பெற்றோருக்காக ஒரு கேள்வித்தாள் இணைக்கப்பட்டிருந்தது. அதைப் பூர்த்தி செய்து அனுப்பிய பெற்றோர் பலர். அடுத்த ஆண்டு நவம்பரில் நியூஜெர்சியின் டீனெக் ஊரில் கூடித் தேசிய அளவில் ஒரு பெற்றோர் சங்கத்தைத் தொடங்கியபோது, ரிம்லண்ட் அவர்களிடம் எடுத்துச் சொன்ன விஷயம் நடத்தைப் பயிற்சி.

அந்தப் பயிற்சி அப்போது கைக்குழந்தை. இந்தியானாவில் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் மரியன் டிமையரும் 1961இல் வெளியிட்ட ஆய்வில், பொத்தானை அழுத்தினால் காசு விழும், அந்தக் காசைப் போட்டால் தின்பண்டமோ பொம்மையோ கிடைக்கும் இயந்திரங்கள் நிறைந்த அறையில் குழந்தைகளை விட்டுப் பார்த்தார்கள். செயலுக்குப் பலன் கிடைத்தால் இந்தக் குழந்தைகளும் கற்கிறார்கள் என்பது தெரிந்தது. அன்றாட வாழ்க்கைக்கு அதனால் என்ன பயன் என்பது வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் தெரிந்தது. அங்கே இருந்த மூன்றரை வயதுச் சிறுவனுக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும் என்ற நிலை. அவனோ கண்ணாடியைக் கிட்டே கொண்டுவர விடமாட்டான், தலையை மோதிக்கொண்டு கத்துவான். மாண்ட்ரோஸ் உல்ஃபும் டாட் ரிஸ்லியும் முதலில் வில்லை இல்லாத வெறும் சட்டங்களை அறையில் ஆங்காங்கே போட்டு வைக்கச் சொன்னார்கள். சிறுவன் ஒன்றை எடுத்தால் ஒரு துண்டு மிட்டாய் அல்லது பழம். பிறகு கையில் வைத்திருந்தால், பிறகு தூக்கிக்கொண்டு நடந்தால், பிறகு முகத்தருகே கொண்டுபோனால். மிட்டாய்க்கு அவன் மசியாதபோது காலை உணவையே வாய் வாயாகக் கொடுத்தார்கள். கடைசியில் நாளெல்லாம் கண்ணாடியோடு இருந்தான். 1964இல் இதைப் பற்றிய கட்டுரை வந்தது. வீட்டிலும் இதேபோல் நடந்துகொள்ளப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்ததும் அதில் இருக்கிறது. பின்னால் பெரும் பெயர் எடுத்த ஆய்வுகளைவிட இந்தச் சிறு கட்டுரை மதிக்கத்தக்கது. குழந்தைக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட ஒன்றுதான் அங்கே இலக்காக இருந்தது.

பெரும் பெயர் எடுத்தவர் நார்வேயில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஐவர் லோவாஸ். மேசைக்கு இருபுறமும் குழந்தையும் பயிற்சியாளரும் உட்காருவார்கள். ஒரு கட்டளை, தேவைப்பட்டால் கையைப் பிடித்து ஒரு உதவி, குழந்தை செய்ததும் ஒரு வாய் தின்பண்டமும் பாராட்டும், சற்று இடைவெளி, மறுபடியும் அதே கட்டளை. பேச்சு, பார்த்துச் செய்தல், உடை உடுத்துதல் எல்லாம் இப்படித் துண்டு துண்டாகக் கற்றுக்கொடுக்கப்பட்டன. ஆனால் அந்த அறையில் அடியும் இருந்தது. இரட்டையரான ஐந்து வயதுச் சிறுவர்களை மின்சாரம் பாயும் தரையில் நிறுத்திப் பழக்கிய ஆய்வை லோவாஸ் குழு 1965இல் தானே எழுதி வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் ‘லைஃப்’ இதழ் அந்த ஆய்வகத்தைப் பற்றி வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே கூச்சலும் அறையும் இருந்தன. எல்லாம் வெளிப்படையாகவே நடந்தது. காப்பகத்தில் கட்டிப்போடப்படுவதற்கு இது மேல் என்று அன்று பலர் நினைத்தார்கள்.

பெட்டல்ஹைம் பணியாற்றிய சிகாகோவிலேயே படித்து, அவர் கொள்கையை உதறிய எரிக் ஷாப்ளர் வடக்குக் கரோலினாவில் வேறு வழி கண்டார். தாய்தந்தையரைச் சக சிகிச்சையாளர்களாக்கி, நாளின் வேலைகளைப் படங்களாகக் கண்ணில் படும்படி வரிசைப்படுத்தி வைக்கும் ‘டீச்’ முறை 1972இல் அம்மாநிலத்தின் அரசுத் திட்டமாயிற்று. குழந்தையை மாற்றுவதைவிடச் சூழலை மாற்றுவது அதன் போக்கு. அந்தக் காலத்துப் பெற்றோருக்கு உண்மையான தேர்வு என்று ஒன்று முதன்முதலாகக் கிடைத்தது அப்போதுதான் எனலாம்.

அதைத் தலைகீழாக்கியது ஓர் எண். நான்கு வயதுக்கும் கீழான 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி கொடுத்ததில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போலவே பள்ளியில் படித்தார்கள் என்று லோவாஸ் 1987இல் அறிவித்தார். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. எந்தக் குழந்தை எந்தக் குழுவில் என்பதைப் பயிற்சியாளர்களின் கையிருப்பே தீர்மானித்தது. இந்தக் குறையை நிபுணர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள். பெற்றோரின் காதில் விழுந்தது 40 மட்டும்தான். கேத்தரின் மாரிஸ் என்ற புனைபெயரில் ஒரு தாய் தன் பிள்ளைகள் தேறிய கதையை 1993இல் நூலாக்கியபின் அது வேகமாகப் பரவியது. ஊனமுற்ற குழந்தைகளின் கல்விச் சட்டத்தில் 1990இல் ஆட்டிசம் சேர்க்கப்பட்டிருந்ததால், அத்தனை மணி நேரத்துக்கும் பள்ளி மாவட்டமே செலவு செய்ய வேண்டும் என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். கனடாவிலும் இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய், மாகாணம் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2004இல் தள்ளுபடியானது. அந்த வழக்கில் தலையிட்டுப் பேசிய மிஷெல் டாசன் தாமே ஆட்டிசம் உள்ளவர். பயிற்சி பெறுபவரை ஒரு வார்த்தை கேட்காமல் நடக்கும் விவாதம் இது என்பது அவர் குற்றச்சாட்டு.

அமெரிக்காவில் பணம் வேறு வழியில் வந்தது. ஆட்டிசப் பயிற்சிக்குக் காப்பீட்டு நிறுவனம் செலவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2001இல் இந்தியானாவில் தொடங்கி, 2019க்குள் 50 மாநிலங்களுக்கும் பரவியது. ஏழைக் குடும்பங்களுக்கான மெடிக்கெய்டும் 2014இல் இதில் இறங்கியது. காப்பீடு என்றால் சான்றிதழ் வேண்டும். அதற்கான வாரியம் 1998லேயே உருவாகிவிட்டது. மேற்பார்வையாளர் முதுகலைப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். 2014இல் அதற்குக் கீழே இன்னொரு படியும் வந்தது: பள்ளிப் படிப்பு முடித்து 40 மணி நேரப் பயிற்சி பெற்று, தேர்வு எழுதினால் குழந்தையோடு நேரடியாகப் பணியாற்றலாம். லோவாஸின் குழந்தை ஒரே வாரத்தில் உட்கார்ந்த நேரம் இந்தப் பணியாளரின் மொத்தப் பயிற்சி நேரம். மணிக்கணக்கில் கட்டணம் வரும் தொழில் என்பதால் முதலீட்டு நிறுவனங்களும் நுழைந்தன. லோவாஸின் மாணவி டோரீன் கிரான்பீஷே 1990இல் தொடங்கிய மையங்களை 2018இல் பிளாக்ஸ்டோன் வாங்கியது; 2023இல் அந்த மையங்களின் நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது; அவற்றில் பலவற்றை அவரே திரும்ப வாங்கினார்.

பயிற்சியும் இதற்குள் மாறிவிட்டது. அடியும் அதட்டலும் பெரும்பாலும் போய்விட்டன. மாசசூசெட்ஸில் ஒரே ஒரு மையம் மின்னதிர்ச்சியை விடாமல் பிடித்திருக்க, அதைத் தடுக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் போட்ட தடை அடுத்த ஆண்டே நீதிமன்றத்தில் விழுந்தது. கத்துவதும் கடிப்பதும் பெரும்பாலும் எதையோ கேட்பதற்கே என்று 1985இல் கார், டுராண்ட் ஆகியோர் காட்டியபின், அந்தக் கேட்பை வேறு விதமாகச் சொல்லக் கற்றுக்கொடுப்பது வழக்கமானது. மேசையை விட்டுத் தரையில் விளையாட்டோடு கற்பிக்கும் டென்வர் முறை 48 குழந்தைகளைக் குலுக்கலில் பிரித்துச் சோதிக்கப்பட்டு, 2010இல் நல்ல பலன் காட்டியது. மணிக்கணக்கைப் பொறுத்தவரை, 144 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த குழு 2024இல் வெளியிட்ட முடிவு இதுதான்: நேரம் கூடினால் பலனும் கூடும் என்பதற்குத் திடமான ஆதாரம் கிடைக்கவில்லை.