மணற்பலகை முதல் ஒளித்திரை வரை

சிங்காநல்லூர்ப் பகுதியிலுள்ள தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒளித்திரை திறப்பு விழாவுக்கு அண்மையில் நம்மை அழைத்திருந்தனர். வாயிலில் வாழைக்கன்று கட்டி, சுவரில் பொருத்திய கண்ணாடித் திரைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தனர். விரல் தொட்டால் அத்திரை எழுதுகிறது. மீண்டும் தொட்டால் அழிக்கிறது. பூமிப்பந்தைச் சுழற்றிக் காட்டுகிறது. பிள்ளைகள் வாய் பிளந்து நின்றனர். வாழ்த்துரை வழங்க எழுந்த பெரியவர் ஒருவர், இனிக் கல்வி உலகமே மாறிவிடும் என்று முழங்கினார். நாமும் கைதட்டினோம். ஆயினும் இல்லம் திரும்பும் வழியெல்லாம் ஓர் எண்ணம் நம்மை விட்டகலவில்லை. இதே சொற்களை இதற்கு முன்னரும் கேட்டிருக்கிறோமே! எத்தனை முறை, எந்தெந்தக் கருவிக்காக? அந்த எண்ணத்தின் வழியே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வாசக அன்பர்களை அழைக்கிறோம்.

மணலில் எழுதிய விரல்

நம் முன்னோரின் வகுப்பறை வீட்டுத் திண்ணை. அதன் முதற் கருவி மணல். பிள்ளை மணலைப் பரப்பி, எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதும். கண், செவி, வாய், விரல் என நான்கும் ஒருங்கே அவ்வெழுத்தைப் பற்றிக்கொள்ளும். பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். கை தேறிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும். முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பான், சட்டாம்பிள்ளை மேற்பார்ப்பான், திண்ணையின் ஓரத்தில் வாத்தியார் அனைவரையும் கண்பார்வையில் வைத்திருப்பார்.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்ட ஆட்சியர் அனைவரிடமும் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். உதகையை உருவாக்கியவர் என நாம் அறிந்துள்ள ஜான் சல்லிவன்தான் அப்போது கோவையின் ஆட்சியர். அவரும் கணக்கெடுத்து அனுப்பினார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன என்றும், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்றும் மன்றோ 1826-இல் எழுதினார். இக்கணக்குகளை அறிஞர் தரம்பால் 1983-இல் நூலாக்கி நம் கண்முன் வைத்தார். பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால் அதே கணக்குகளில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைக்கு அத்திண்ணையில் இடமும் இல்லை. மணல் யாவர்க்கும் பொதுவாகவே கிடந்தது. திண்ணைதான் பொதுவாக இருக்கவில்லை.

இந்த மணலுக்குக் கடல் கடந்த கதை ஒன்றும் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு ஆங்கிலிக்கன் குருவானவர் 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே செய்யுமாறு பணித்தபோது ஆசிரியர்கள் அது நடவாது என்றனர். எனவே, ஜான் ஃபிரிஸ்கென் என்ற சிறுவனிடமே சின்னஞ்சிறு பிள்ளைகளின் வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்கள் மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். இந்த அனுபவத்தைப் பெல் 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' எனப் பெயர் பெற்று அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவரது கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே அழைக்கப்படுகிறது.

நமது சிந்தனைக்குரிய செய்தி இதற்குப் பின்னரே வருகிறது. இம்முறை மேலைநாடுகளில் அத்துணை விரைவாகப் பரவியதற்குப் பெருங்காரணம் அதன் மலிவு. இலண்டனில் இதையொத்த முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டர், ஆயிரம் பிள்ளைகளுக்கும் ஓராசிரியர் போதும் என்றார். செலவைக் குறைக்க விரும்பியோர்க்கு அது தேனாய் இனித்தது. பெரிய கூடங்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசை வரிசையாக அமர்த்தினர். மணலும் இருந்தது, சட்டாம்பிள்ளைகளும் இருந்தனர். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் அறிந்த வாத்தியார் இல்லை. கற்றல் ஆலைத் தொழில் போலாயிற்று. பிள்ளைகள் ஒப்புவித்தனர், விளங்கிக்கொண்டது குறைவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அம்முறை மங்கிப்போயிற்று. திண்ணையில் ஆசிரியருக்குத் துணையாக இருந்த கருவியை அங்கே ஆசிரியருக்கு மாற்றாக ஆக்க முயன்றதே அதன் வீழ்ச்சிக்கு வித்திட்டது என்போம்.

ஒளியும் ஒலியும்

மணலின் இடத்தைக் கற்பலகையும் பலப்பமும் பிடித்தன; கரும்பலகை வந்தது. கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துப் பலகைக்குப் பூசிய நாள்கள் நம் நினைவில் இன்னும் பசுமையாக உள்ளன. அதுவும் ஒரு தொழில்நுட்பமே. பிள்ளைகள் தம் கையாலேயே பழுது பார்த்துக்கொண்ட தொழில்நுட்பம்.

அடுத்து வந்தது திரை. கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார் திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்தபோது, 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் இயேசுவின் வாழ்வு பற்றிய படத்தையும் வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914-இல் கோவையில் அவர் எழுப்பிய வெரைட்டி ஹால் தென்னகத்தின் முதல் நிலையான திரையரங்கு எனப் போற்றப்படுகிறது. 1930-களில் நம் சிங்காநல்லூரிலேயே சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தபோது அதன் பின்னணியில் இருந்தோருள் அவரும் ஒருவர். எழுத்தறியாத ஏழை உழவனும் அந்தத் திரையின்முன் அமர்ந்து தொலைதூர நாட்டையும் பழங்காலத்தையும் கண்டான். ஏறத்தாழ அதே நேரத்தில், 1913-இல், அமெரிக்காவின் தாமஸ் எடிசன் ஒரு வருங்காலம் உரைத்தார்: பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழியும், பத்தே ஆண்டுகளில் திரைப்படம் கல்விமுறையை முற்றிலும் மாற்றிவிடும் என்றார். பத்தாண்டுகள் சென்றன; நூறாண்டுகளும் சென்றன. திரைப்படம் ஊரை மாற்றியது, அரசியலையும் மாற்றியது. வகுப்பறையிலோ புத்தகம் இன்னும் இருக்கிறது.

பின்னர் வானொலி வந்தது. சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938-இல் சென்னை வானொலி நிலையம் பிறந்தது. பள்ளி ஒலிபரப்பும் நடைபெறலாயிற்று. நாம் பயின்ற பள்ளியில் தலைமையாசிரியரின் அறையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அறிவியல் பாடம் ஒலிபரப்பாகும் வேளையில் நமக்குக் கணக்கு வகுப்பு நடக்கும். பெட்டி தன் போக்கில் பேசும். மணி தன் போக்கில் அடிக்கும். ஓர் ஆசிரியர் மட்டும் அதனைத் தாம் கேட்டுக் குறித்துக்கொண்டு, மறுநாள் தம் சொற்களில் எங்களுக்கு விரித்துரைப்பார். அவர் வகுப்பில் கேட்டவை இன்றும் மறக்கவில்லை.

1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி சென்றது. 1984-இல் நாட்டின் 250 பள்ளிகளுக்குப் பிரிட்டனில் உருவான பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. இதில் ஒரு முரண் உண்டு. கணினி வந்து மூன்றாண்டுகள் கழித்து, 1987-இல் நடுவண் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயரே கரும்பலகைத் திட்டம்! ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், அடிப்படைக் கற்பித்தல் பொருள்கள் ஆகியவற்றை உறுதி செய்வதே அதன் நோக்கம். ஒரு நாடு ஒரே காலத்தில் ஒரு கையால் கணினியையும் மறு கையால் கரும்பலகையையும் ஏந்தி நின்றது. எந்தப் பிள்ளைக்கு எது கிடைத்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பூட்டிய அறை

பிறர் குறையைப் பேசுமுன் நம் குறையையும் சொல்லியாக வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பள்ளியின் தாளாளர் பொறுப்பு நம்மிடம் இருந்தது. நன்கொடை திரட்டி ஐந்து கணினிகள் வாங்கினோம். அவற்றுக்கெனத் தனி அறை, தரைவிரிப்பு, துணி உறை, கதவுக்குப் பூட்டு. சாவி நம் மேசையில். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வாரத்தில் ஒருநாள் உள்ளே வந்து, கைகட்டி நின்று பார்த்துச் செல்வர். பழுதாகிவிடுமே என்ற அச்சம் நமக்கு. ஆசிரியர்களுக்கோ தமக்கே தெரியாததைப் பிள்ளைகள் கேட்டுவிடுவார்களே என்ற அச்சம்.

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒருநாள் நம் அறைவாயிலில் வந்து நின்றாள். "சாமி, ஒரே ஒருக்கா எம் பேர அதுல அடிச்சுப் பாத்துக்கட்டுங்களா?" என்றாள். "பரீட்சை முடியட்டும் கண்ணு" என்றோம். பரீட்சை முடிந்தது. விடுமுறைக்குப் பின் அவள் பள்ளிக்கு வரவில்லை. நூற்பாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் எனக் கேள்வியுற்றோம். சில ஆண்டுகளில் அக்கணினிகளும் பழையனவாகி எடைக்குப் போயின. அவை பழுதாகவே இல்லை. பயன்படாமல் காக்கப்பட்டன, அவ்வளவுதான்.

அந்தப் பூட்டை ஒருவகையில் உடைத்தது 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மேனிலை மாணவர்களின் கையிலேயே கருவி சேர்ந்தது. ஆனால் அதனைப் பாடத்தோடு இணைத்துக் கற்பிக்க ஆசிரியரை ஆயத்தப்படுத்தும் வேலை அதே வேகத்தில் நடைபெறவில்லை. இதற்கு எதிர்முனையில் நிற்பது செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அதில் மின்சாரம் இல்லை. படிநிலை அட்டைகள், ஏணிப் படம், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரக் கரும்பலகை இவையே கருவிகள். ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். பதிவேடுகளின் சுமை பற்றிய மனக்குறைகள் அதிலும் எழுந்தன. எனினும் ஒவ்வொரு பிள்ளையும் தொட்டுக் கற்கவே அக்கருவிகள் செய்யப்பட்டிருந்தன.

பெட்டிக்குள் வாத்தியார்

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்க 2021 நவம்பர் ஆயிற்று. இடைப்பட்ட நாள்களில் கருவிகளே பள்ளியாயின. 2019-இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீடுதோறும் கொண்டு சென்றது. அது பெரும் தொண்டு. திறன்பேசி வாங்க இயன்ற வீட்டுப் பிள்ளைகள் அதன் வழியே ஆசிரியரோடு பேசினர். ஒரே பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் வீட்டில் மூன்று பிள்ளைகள் மாலை வரை காத்திருந்தனர்.

அந்நாள்களில் அரிசிப் பைகளோடு வீடு வீடாகச் சென்றபோது, ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஏனுங் சாமி, டீவிப் பொட்டிக்குள்ள வாத்தியாரு எம் பேரனுக்குத் தெரியறாருங்க. எம் பேரன் அவருக்குத் தெரியறானுங்களா?"

குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் பயின்ற நமக்கு அக்கேள்விக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஆண்ட்ரூ பெல்லின் மணலுக்கும், எடிசனின் படத்துக்கும், நாம் பூட்டி வைத்த கணினிக்கும் ஒரேயடியாகப் பொருந்தும் உரைகல்லை அந்த அம்மையார் நம் கையில் கொடுத்துவிட்டார். 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி, மாலை வேளைகளில் தன்னார்வலர்களைத் தெருத்திண்ணைகளுக்கு அனுப்பியபோது, அக்கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் ஒருவர் வந்தமர்ந்தார். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனமும் 2023-ஆம் ஆண்டின் உலகக் கல்வி அறிக்கையில், கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய விருப்பத்தின்படி இயங்குகிறது என்றே வினவியது.

எனவே கருவி வாங்குமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. இதைக் கையாள ஆசிரியருக்குப் பயிற்சியும், பாடத்தை முன்கூட்டி ஆயத்தம் செய்ய நேரமும் தருகிறோமா? கடைசி வரிசைப் பிள்ளையின் விரலும் இதைத் தொடுமா? பழுதானால் செப்பனிடுபவர் யார்? இதைக் காட்டி ஓராசிரியர் பணியிடத்தைக் குறைக்க எவரேனும் எண்ணுகிறோமா? இவற்றுக்கு நேர்மையான விடை இருப்பின் மணலும் போதும், ஒளித்திரையும் நன்று.

சில வாரங்களுக்குப் பின் அதே பள்ளிக்கு மீண்டும் சென்றோம். மூன்றாம் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளைச் சிங்காநல்லூர்க் குளத்துக்கு அழைத்துச் சென்று வந்திருந்தார். நகரத்துக்குள் பல்லுயிர் வாழிடமாகக் காக்கவென 2017-இல் அறிவிக்கப்பட்ட குளம் அது. தம் கைப்பேசியில் எடுத்த பறவைப் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை எனப் பிள்ளைகள் கூவினர். வகுப்பில் எப்போதும் வாய்திறவாத சிறுவன் ஒருவன் எழுந்து சென்று, ஒரு பறவையின்மேல் விரல் வைத்து, அது எந்த மாதம் வரும், என்ன தின்னும் என்று சொல்லத் தொடங்கினான். அவனுடைய தந்தை அக்குளத்தில் மீன்பிடிப்பவராம். ஆசிரியை அவனிடம் எழுதுகோலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவன் திரையில் அப்பறவையின் பெயரை எழுதினான்; அடியில் தன் பெயரையும் எழுதினான்.

புறப்படும்போது அந்த ஆசிரியையிடம், "சாவி யாரிடம் இருக்கிறது, டீச்சர்?" என்று கேட்டோம். "இந்த ரூமுக்குப் பூட்டே போடறதில்லீங்க, ஃபாதர்" என்றார்.