பொங்கல் வாழ்த்தும் வீட்டுக் கவரும்

போன வாரம் பேத்தி ஒரு வாழ்த்து அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெங்களூரில் இருக்கும் தன் தோழிக்குக் கையால் வரைந்த பொங்கல் வாழ்த்து. பானை, கரும்பு, சூரியன், ஓரத்தில் நம்ம மலை. கடையில் வாங்கிய கவர் எதிலும் அது நுழையவில்லை. "தாத்தா, அட்டையை ஓரம் வெட்டிடட்டுமா?" என்றாள். வெட்டினால் மலை போய்விடும். "அட்டைக்குத் தகுந்த கவர் செய்வோம், கவருக்குத் தகுந்த அட்டை வேண்டாம்" என்று சொல்லி, பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். கை மறக்கவில்லை. கூடவே பழைய கதை ஒன்றும் நினைவுக்கு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்து மார்கழி பிறந்ததும் தேரடித் தெருவிலும் சின்னக்கடைத் தெருவிலும் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்க விடுவார்கள். லட்சுமி, முருகன், ஏர் உழவன், எம்.ஜி.ஆர்., சிவாஜி, உதயசூரியன் எல்லாம் ஒரே கயிற்றில். பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவை. அந்தச் சாமி படங்களின் அழகுக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டியில் இருந்து வரைந்த ஓவியர் சி. கொண்டையராஜு. அவர் இளமையில் சில காலம் நம் ஊர் ரமணாசிரமத்தில் தங்கியிருந்தவர். ஆக, அந்த அட்டைகளுக்கும் நம் ஊருக்கும் ஒரு மூலையில் உறவு உண்டு.

எங்கள் வீட்டில் கடை அட்டை வாங்குவது அபூர்வம். அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். உறவு பெரிது, சம்பளம் சிறிது. அட்டையை நாங்கள் பிள்ளைகள் வரைவோம். கவரை அம்மா வெட்டுவாள். கடையிலிருந்து அப்பா கொண்டு வரும் பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி மடிப்போம். உள்ளே பிரித்தால் பாதி முருகன் தெரிவார்.

அம்மாவிடம் ஒரு கணக்கு இருந்தது. அட்டையின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டு. அதில் பத்துக்கு ஏழு பங்கு எடு. ஒரு அங்குலம் சேர். அந்த அளவுக்கு ஒரு சதுரம் வெட்டு. ஆறுக்கு நாலு அங்குல அட்டை என்றால் கூட்டினால் 10, பத்துக்கு ஏழாக 7, ஒன்று சேர்த்தால் 8. எட்டு அங்குலச் சதுரம். அதை மூலை மேலே வரும்படி வைத்து, நடுவில் அட்டையை நேராக வைத்து, இரண்டு பக்க மூலைகளை மடித்து, கீழ் மூலையைத் தூக்கி அவற்றின் மேல் ஒட்டினால் கவர் தயார். அந்த ஒரு அங்குலத்தை விட்டுவிட்டால் மடிப்புகள் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கும். பசை பிடிக்க இடம் இருக்காது. பள்ளியில் கணக்கு வாத்தியாரிடம் மூலைவிட்டம் படித்தபோதுதான் அம்மாவின் கணக்கு ஏன் சரியாக வருகிறது என்று எனக்குப் புரிந்தது. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு.

பசை, மைதாக் கூழ். தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டி, கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்க வேண்டும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை. அது விஷம் என்பதால் கை கழுவாமல் சோற்றுத் தட்டுப் பக்கம் போனால் முதுகில் விழும். அவசரத்துக்குச் சோற்றுப் பருக்கை. கருவேலம் பிசினை ஊற வைத்து ஒட்டுபவர்களும் உண்டு.

கவருக்கும் பெரிய சரித்திரம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு அனுப்பும் இரண்டாவது ஓலையை நினைத்துப் பாருங்கள். ஓலையைச் சுருட்டி, மண் அப்பி, தன் கூந்தலால் முத்திரை பதித்து அனுப்புகிறாள். கோசிகமாணி அதைக் கொண்டு வந்து கொடுத்ததும், பிரிக்கும் முன்பே அந்தக் கூந்தல் வாசனை கோவலனுக்கு யார் எழுதியது என்று சொல்லிவிடுகிறது. படித்து முடித்தவன், அதே ஓலையைத் தன் தாய் தந்தையரிடம் கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறான். மாதவி எழுதிய சொற்கள் அவன் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்கவும் பொருந்தி வந்தன. வந்த கவரைத் திருப்பிப் போட்டு மறுபடி அனுப்பும் வழக்கம் நமக்குப் புதிதல்ல என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

காகிதக் கவர் பரவியது பிற்பாடு. இங்கிலாந்தில் 1840 வரை தபால் கட்டணத்தைத் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் வைத்துப் போட்டார்கள். கவர் போட்டால் அதுவும் ஒரு தாள், கட்டணம் இரட்டிப்பு. அதனால் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்து அனுப்பினார்கள். 1840ல் எடைக்குக் கட்டணம் என்று ஆன பிறகுதான் கவர் சாதாரண மனிதர் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் எல்லாம் கையால் வெட்டி மடித்தவை. 1845ல் எட்வின் ஹில்லும் வாரன் டி லா ரூவும் கவர் மடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். நம் நாட்டில் 1854 அக்டோபர் 1 முதல் எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம், அரையணாவில் ஆரம்பம் என்று வந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாடு. வந்த கவரின் மேல் சீட்டு ஒட்டி மறுபடி அனுப்புவார்கள். 'எகானமி ஸ்லிப்' என்று பெயர். போர் முடிந்த பிறகும் பல அலுவலகங்களில் அந்தப் பழக்கம் இருந்தது. காந்தியடிகள் பழைய கவர்களைப் பிரித்து உட்பக்கத்தில் எழுதுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். 1947 ஜூன் 2ஆம் தேதி, திங்கட்கிழமை, அவருக்கு மௌன நாள். நாட்டுப் பிரிவினைத் திட்டத்தைப் பற்றிப் பேச மவுண்ட்பேட்டனைச் சந்தித்தபோது, தன் பதிலைப் பழைய கவர்களின் பின்புறத்தில்தான் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். நம் ஊரில் ரமணரும் துண்டுக் காகிதத்தைக்கூட வீணாக்க மாட்டார். தாமே நோட்டு தைப்பார், புத்தகம் கட்டுவார். பெரியவர்கள் இதைச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1968ல் அப்பாவுக்கும் குடியாத்தத்தில் இருந்த பெரியப்பாவுக்கும் பாகப்பிரிவினையில் மனக்கசப்பு. செங்கம் ரோட்டுப் பக்கம் இருந்த நிலத்தில் கிணறு யார் பங்கில் விழுவது என்பதில் ஆரம்பித்து, பேச்சு நின்றே போனது. அடுத்த பொங்கலுக்கு வாழ்த்துப் பட்டியல் எழுதும்போது பெரியப்பா பெயரை அப்பா சொல்லவில்லை. அம்மா சொன்னாள். "பெரியவருக்கு வருஷா வருஷம் போறது. இந்த வருஷம் மட்டும் ஏன் நிக்கணும்?" அப்பா பதில் பேசவில்லை. நான் அட்டை வரைந்தேன். எனக்கு அப்போது பதினோரு வயது.

வாழ்த்து அட்டைகளை 'புக் போஸ்ட்' கட்டணத்தில் அனுப்புவோம். சாதாரணக் கவரைவிடக் குறைவு. ஆனால் கவரின் மேல் மடிப்பை ஒட்டக் கூடாது. உள்ளே செருகித்தான் விட வேண்டும். அஞ்சலகத்தில் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். உள்ளே கடிதம் இருக்கக் கூடாது. ஒட்டிவிட்டால் அது கவர்க் கணக்கு.

அந்த வருஷம் முகவரி எழுதும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "கடைசி வரியில தமிழ்நாடுன்னு போடு" என்றார். 1967 ஜூலையில் சட்டசபையில் தீர்மானம் நிறைவேறி, 1969 ஜனவரி 14 முதல்தான் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. அதுதான் பொங்கல் நேரம். நான் பெருமையாக எழுதினேன். பின்கோடு கிடையாது, அது 1972 ஆகஸ்ட் 15ல் வந்தது. திருவண்ணாமலையும் குடியாத்தமும் அப்போது ஒரே வட ஆற்காடு மாவட்டம்.

தலையும் ஒட்டியாகிவிட்டது. அப்போது அப்பா ஒரு சின்னத் தாளை நாலாக மடித்து என்னிடம் நீட்டினார். "இதையும் உள்ளே வை. நல்லா ஒட்டிடு" என்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் மேல் மடிப்பை ஓரம் முழுக்கக் கூழ் தடவி, பாட்டி உலக்கையின் பூணால் அழுத்தித் தேய்த்து ஒட்டினேன். மற்ற கவர்களோடு தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். தலை போதாது என்பது அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மாசியில் குடியாத்தத்திலிருந்து ஒரு உறவுக்காரர் வந்தார். "உங்க அண்ணன் தண்டம் கட்டி வாங்கினாரய்யா உங்க வாழ்த்தை" என்றார் சிரித்துக்கொண்டே. குறைந்த கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிப்பார்கள், நினைவிருக்கும். சில காசுதான். ஆனால் அப்பா முகம் செத்துப் போயிற்று. வேண்டுமென்றே அவமானப்படுத்தியதாக அண்ணன் நினைப்பாரே என்று அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் பெரியப்பா கல்யாணங்களுக்கு வந்தார், காரியங்களுக்கு வந்தார். அப்பாவும் போனார். இருவரும் "வாங்க", "சாப்பிட்டாச்சா" அளவுக்குப் பேசினார்கள். கிணறு பற்றியோ கவர் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை. வருஷா வருஷம் வாழ்த்து மட்டும் போயிற்று, மேல் மடிப்பைச் செருகி.

1987ல் பெரியப்பா காலமானார். காரியம் முடிந்து கிளம்பும்போது பெரியம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். "உன் பெரியப்பா டிரங்குப் பெட்டியில நிலப் பத்திரத்தோட வெச்சிருந்தார். நீ செஞ்சதுதானேடா?" என்றார். என் கையெழுத்து. முகப்பில் தண்டத் தொகையைக் குறித்த அஞ்சலக முத்திரை. மேல் விளிம்பை பிளேடால் சீராகக் கீறித் திறந்திருந்தார். நான் ஒட்டிய மடிப்பு அப்படியே இருந்தது. உள்ளே அட்டையும் இருந்தது, நாலாக மடித்த தாளும் இருந்தது.

நான் தாளைப் பிரிக்கவில்லை. அப்பா வாசலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் கவரைக் கொடுத்தேன். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கவரையும் அட்டையையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வேலூர் வரை ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு, "பத்திரத்தோடவா வெச்சிருந்தார்?" என்று ஒரு முறை கேட்டார். "ஆமாம்ப்பா" என்றேன்.

அதில் என்ன எழுதியிருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பாவும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. 1989ல் மாவட்டம் பிரிந்தபோது நாங்கள் திருவண்ணாமலை மாவட்டம், பெரியப்பா பிள்ளைகள் வேறு மாவட்டம் ஆனோம். அந்தக் கிணற்றில் இப்போது யாரும் இறைப்பதில்லை.

அந்தக் கவர் என்னிடம் இருக்கிறது. பேத்தியிடம் எடுத்துக் காட்டினேன். பசை இன்னும் விடவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். உள்ளே தெரிந்த பாதி முருகனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுடைய கவர் நன்றாக வந்தது. அட்டை உள்ளே போனது, மலையும் முழுசாக இருந்தது. மேல் மடிப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒட்டட்டுமா தாத்தா?" என்றாள்.

"எவ்வளவு தலை போட்டிருக்கே?"

"அஞ்சு ரூபாய்."

"அப்ப ஒட்டு" என்றேன்.