கரியில் ஓடிய பஸ்: மதுரையின் பழைய பேக்அப் பிளான்

இன்னைக்கு தலைப்பைக் கேட்டதும் ஆபீஸ் மீட்டிங் ஞாபகம் வரும்: பிசினஸ் கன்டினியூட்டி பிளானிங். ஏதாவது ஒண்ணு படுத்துட்டா, வேலை நிக்காம இருக்க என்ன ஏற்பாடுங்கிறதுதான் விஷயம்.

நம்மகிட்ட பொதுவா இருக்கிற பதில்: கரண்ட் போனா ஜெனரேட்டர், சர்வர் போனா வேற ஊர்ல இன்னொரு சர்வர். இதுக்கெல்லாம் அடியில ஒரு நம்பிக்கை இருக்கு. கெட்டுப்போறது நம்ம பொருள்தான், வெளியில இருந்து வர வேண்டியது வந்துடும்னு. 2024 ஜூலை 19 அன்னைக்கு அந்த நம்பிக்கை ஆடிப்போச்சு. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரே ஒரு தப்பான அப்டேட்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்குச்சு. இந்தியாவுல சில விமான நிலையங்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க.

இந்த வகை அடி மதுரைக்குப் புதுசு இல்லை. 1911ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே தொடங்கின டி.வி.எஸ்., பஸ் சர்வீஸ்ல வளர்ந்த கம்பெனி. பஸ், டிரைவர், ரோடு, பயணிகள் எல்லாமே உள்ளூர். ஆனா பெட்ரோலும் டயரும் தூரத்துல இருந்து வரணும்.

இரண்டாம் உலகப் போர்ல, 1941லயே பெட்ரோலுக்கு ரேஷன் வந்துடுச்சு. 1942 பிப்ரவரில சிங்கப்பூர் விழுந்துச்சு, மலேயா ரப்பர் போச்சு. மார்ச்ல ரங்கூன் விழுந்துச்சு, அடுத்து பர்மா எண்ணெய்க் கிணறுகளும் போச்சு. மதுரையில ஒரு குண்டு விழல. ஆனா பஸ்ஸுக்கு வேண்டிய ரெண்டு பொருளுக்கும் தட்டுப்பாடு.

சுந்தரம் அய்யங்கார் எடுத்த வழி, 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'. பஸ்ஸோட ஒரு உலை. அதுல மரக்கரியைக் குறைவான காற்றுல எரிச்சா கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவெச்சு, வடிகட்டி, இன்ஜினுக்குள்ள விட்டா வண்டி ஓடும். ஐரோப்பாவுலயும் அப்போ இப்படித்தான் ஓட்டினாங்க. டயருக்கு, தேஞ்சதை மேல ரப்பர் ஒட்டித் திரும்ப ஓட்டுற ரீட்ரெடிங் தொழிற்சாலை.

இது பெட்ரோலுக்குச் சமம் இல்லை. இன்ஜின் சக்தி நல்லாவே குறையும். கிளம்புறதுக்கு முன்னாடியே உலையைப் பத்தவைக்கணும், சாம்பல் அள்ளணும், ஃபில்டர் கழுவணும். வாயு கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. பஸ் நிக்காம ஓடினதுக்கான விலையில ஒரு பங்கு, அந்த உலையோட மல்லுக்கட்டின தொழிலாளர்களோடது. நம்ம பிளான் டாக்குமென்ட்ல 'மேனுவல் பிராசஸ்'னு ஒரே வரியில முடிச்சிடுறோமே, அதுக்கு அர்த்தம் இதுதான்: யாரோ ஒருத்தர் கூடுதலா உழைக்கிறார்.

கதை அங்க முடியல. 1972ல் தமிழ்நாடு அரசு பெரிய தனியார் பஸ் சர்வீஸ்களை எடுத்துக்கிச்சு. டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் ரோட்வேஸ் கைக்குப் போச்சு. பயணிக்கு பஸ் வந்துச்சு. கம்பெனிக்கு பஸ் தொழிலே போச்சு. ஆனா அதுக்குள்ள சுந்தரம் பைனான்ஸ் (1954), வீல்ஸ் இந்தியா (1960), பிரேக்ஸ் இந்தியா (1962)னு குழுமம் வேற பக்கம் வேர் விட்டிருந்துச்சு. பெட்ரோல் இல்லாததுக்கு ஒரு உலை போதும். தொழிலே கைமாறினா, வேற தொழில் கையில இருக்கணும்.

இன்னைக்கு மிரட்டல் பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது. ரான்சம்வேர், ஒரே கிளவுட் கம்பெனியை எல்லாரும் நம்புறது, திடீர் மழை. தொழில் தொடர்ச்சிக்கான ஐ.எஸ்.ஓ. 22301 தரநிலையிலயே 2024ல் காலநிலை மாற்றத்தைக் கணக்குல எடுக்கச் சொல்லித் திருத்தம் வந்துச்சு. பட்டியலை முழுசா எழுதி முடிக்க யாராலயும் முடியாது. அதனால 'என்ன நடக்கும்?'னு மட்டும் கேட்காம, 'எது வராம போனா நாம நிப்போம்?'னு கேட்டுப் பாருங்க. அந்தப் பொருளுக்கு உங்க ஊர்ல கிடைக்கிற மரக்கரி எது? பாதி வேகத்துல ஓடினாலும் பரவாயில்லைன்னு எந்த வேலையைச் சொல்வீங்க? அந்த உலையை யார் பத்தவைப்பாங்க?

உங்க டீம்ல இந்த மூணு கேள்விக்கும் என்ன பதில் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.