பனியறியாக் கரையில் பனிமய மாதா

தூத்துக்குடியில் பனி பொழிந்ததாக எந்த முதியவரும் சொல்ல நாம் கேட்டதில்லை. உப்பளமும் வெயிலுமே இக்கரையின் இயல்பு. ஆயினும் இம்மக்கள் தம் தாயைத் தலைமுறை தலைமுறையாகப் பனிமய மாதா என்றே அழைத்து வருகின்றனர். மூத்தோர் நாவில் இன்றும் ஒலிப்பது 'தஸ்நேவிஸ் மாதா' என்னும் பெயர். 'பனிகளின்' எனப் பொருள்தரும் போர்த்துக்கீசியச் சொல்லே அவ்வாறு தமிழாயிற்று.

பெயரின் பிறப்பிடம் உரோமை. 431இல் எபேசில் கூடிய திருச்சங்கம் மரியாளை இறைவனின் தாய் என அறிக்கையிட்டது. அதன்பின் திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ் எஸ்குயிலின் குன்றில் அன்னைக்குப் பேராலயம் எழுப்பினார். முந்தைய நூற்றாண்டில், திருத்தந்தை லிபேரியுஸ் நாளில், ஆகஸ்டு 5ஆம் நாள் கடுங்கோடையில் பனி பொழிந்து அக்குன்றில் ஆலயத்திற்கு இடங்காட்டிற்று என்பது மரபு. அதனைக் கூறும் ஏடுகளோ பல நூற்றாண்டுகள் பிந்தியவை. 1969இல் திருவழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோது அவ்விழா பேராலய நேர்ந்தளிப்பு விழா என்றே குறிக்கப்பெற்றது. உரோமை விட்டுவிட்ட பனியை நம் முத்துக்குளித்துறை விடவில்லை.

பரதவ மக்கள் 1530களின் நடுவில் திருமுழுக்குப் பெற்றனர். கடலுரிமைப் பூசலில் போர்த்துக்கீசியரின் துணையை நாடியதே உடனடிக் காரணம் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1542இல் வந்த புனித சவேரியார், விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் கற்பித்தபின், அதனை நம்பும் அருளை வேண்டி மக்களை அருள்நிறை மந்திரம் சொல்லச் செய்ததாகத் தம் மடலில் எழுதியுள்ளார். கல்லின் துணையால் ஆழத்திற்கு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளும் மனிதனின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் கையில் உள்ளது. அத்தகையோர்க்குப் பரிந்து பேசும் தாய் ஒருத்தி உண்டென்பதை விளக்க நீண்ட மறையுரை தேவைப்பட்டிராது.

இனி அன்னையின் திருச்சுரூபம். சவேரியாரின் விருப்பப்படி அது மணிலாவிலிருந்து சாந்த ஹெலேனா என்னும் கப்பலில் 1555 ஜூன் 9ஆம் நாள் வந்து சேர்ந்தது என்பர். சவேரியார் 1552லேயே இறந்தார். அவர் மணிலாவைக் கண்டதுமில்லை. இஸ்பானியர் அந்நகரில் தம் ஆட்சியை நிறுவியதோ 1571இல். குருமடத்தில் கற்ற துணிவோடு இக்கணக்கை ஒருமுறை மறையுரையில் விரித்துரைத்தோம். திருப்பலி முடிந்ததும் பெரியவர் ஒருவர் சக்ரீஸ்து வாசலில் காத்து நின்றார். "அப்போ மாதா எங்கேயிருந்து வந்தாங்க சாமி?" என்றார். கோபமில்லை, கலக்கமே இருந்தது. நம்மிடம் விடையில்லை. ஆண்டுகளைக் கூட்டிக் கழித்த நாம், அவருக்குக் கொடுக்க ஒன்றும் வைத்திருக்கவில்லை. மரியன்னை வணக்கத்தில் மிகைக்கூற்றையும் குறுகிய மனத்தையும் ஒருசேர விலக்குமாறு 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவுறுத்தியது. அன்று நாம் முன்னதற்கு அஞ்சிப் பின்னதில் விழுந்தோமோ என்னும் ஐயம் இன்றும் உண்டு.

அவருக்கு அன்றே சொல்லியிருக்கத்தக்க வரலாறு ஒன்றும் இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். குருக்கள் வெளியேற நேர்ந்தது, ஆலயங்கள் பறிபோயின. பல்தேயுஸ் என்னும் அவர்களது போதகர் பரதவரைத் தம் சபைக்குத் திருப்ப முயன்றார், பலிக்கவில்லை. வாணிகமும் கோட்டையும் ஒல்லாந்தர் கையில் இருந்தபோதும் மக்கள் செபமாலையையும் அன்னையின் சுரூபத்தையும் கைவிடவில்லை. போர்த்துக்கீசியரின் துணைக்காகவே மறையேற்றவர்கள் எனில், அத்துணை அகன்றபின் ஏன் நிலைத்தனர்? அவ்வொல்லாந்தர் ஆட்சி நீடிக்கும்போதே, இயேசு சபையின் விஜிலியுஸ் மான்சி அடிகளார் எழுப்பிய இன்றைய ஆலயம் 1713 ஆகஸ்டு 5இல் நேர்ந்தளிக்கப்பட்டது. 1982இல் அது பசிலிக்கா என்னும் பேராலயத் தகுதி பெற்றது.

தங்கத்தேர் முதன்முதல் 1806 பெப்ருவரி 2ஆம் நாள், பரதவ சாதித்தலைவரின் முயற்சியால் ஓடிற்று. அது ஆண்டுதோறும் ஓடுவதன்று. 2013க்குப்பின் 2023இல்தான் மீண்டும் தெருவிறங்கியது. தூத்துக்குடியின் முத்துச்சலாபமோ 1961உடன் நின்றுபோயிற்று. முத்துக்குளித்தோரின் பேரர்கள் துறைமுகத்திலும் விசைப்படகுகளிலும் அயல்நாட்டுக் கப்பல்களிலும் வேலை செய்கின்றனர். 2023இல் வடம்பிடித்தவர்களுள் முத்துக்குளிப்பைக் கண்ணால் கண்டவர் மிகச் சிலரே இருந்திருப்பர். "ஏழுகடல்துறை ஏக அடைக்கலத் தாயே" என்று அழைக்க அவர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.